வாழைமரத் தாள்

(முட்டுக்காட்டில் கூடிய பழங்காசு திரட்டும் அன்பர்களிடையே ஆற்றிய உரை)



காசு திரட்டுவோர் அவையில் இவன் தாளைப் பற்றிப் பேச வந்தானே என வியவாதீர்கள். கொங்கு மண்ணில் உழவனின் கொழுமுனையில் தட்டுப்படும் உரோமர் காசு, அதனை அடித்த பேரரசு மண்ணோடு மண்ணாகிய பின்னும் பொன்னாகவோ வெள்ளியாகவோ மதிப்புற்று நிற்கிறது. நான் கொணர்ந்திருக்கும் தாள்களோ மூன்றரையாண்டே உயிர் வாழ்ந்தவை. ஆயினும் உரோமர் காசில் காணவியலாத ஒன்று இவற்றில் உண்டு. நம் பாட்டனும் பாட்டியும் சிந்திய வியர்வை இவற்றில் ஊறியிருக்கிறது.

1941 திசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை மலையாவின் கோத்தபாருக் கரையில் இறங்கியது. 1942 பிப்பிரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது; அதன் பெயரையும் 'சியோனான்' என மாற்றினர். வென்றவன் கையோடு கொண்டுவந்தவை துமுக்கி மட்டுமல்ல, அச்சிட்ட பணத்தாள்களும்தாம். ஒரு காசு முதல் பத்து வெள்ளி வரை, பின்னர் நூறு வெள்ளி, இறுதியில் ஆயிரம் வெள்ளி. அங்குள்ள தமிழர் 'டாலர்' என்னாது 'வெள்ளி' என்றே வழங்குவர். நாமும் அவ்வாறே வழங்குவோம், அது நம் சொல்.

பத்து வெள்ளித் தாளில் குலை தள்ளிய வாழை. அதனாற்றான் மலாய் மக்கள் இப்பணம் முழுவதையுமே 'வாழைப்பழப் பணம்' என்று எள்ளினர். தாளை உற்றுப் பாருங்கள். ஆண்டு இல்லை. கையொப்பம் இல்லை. தொடக்கத்தில் வந்த தாள்களில் வரிசையெண் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. எஞ்சியவை சில எழுத்துகளே. 'எம்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கினால் மலையாவுக்குரியது, 'பி' எனில் பருமாவுக்கு, 'எசு' எனில் ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, 'பீ' எனில் பிலிப்பைன்சுக்கு. எண்ணில்லாத் தாளை எத்துணை அடித்தோம் என்று எவனும் எண்ணிச் சொல்ல இயலாது. எண்ணவொட்டாமற் செய்ததே அச்சடித்தவனுக்கு வேண்டியிருந்தது என்பது என் கருத்து.

இனி மொழியைப் பாருங்கள். 'ஆசியா ஆசியருக்கே' என முழங்கி வந்தவன், தாளின்மேல் எழுதியது ஆங்கிலத்தில்! 'கேட்டவுடன் கொடுப்பதாகச் சப்பானிய அரசு உறுதி கூறுகிறது' என்னும் சொற்றொடர், விரட்டப்பட்ட ஆங்கிலேயனின் மொழியிலேயே நிற்கிறது. அடியில் சப்பானிய எழுத்தில் அப்பேரரசின் பெயர். மலாய் மொழி இல்லை. சீனருக்கென்று ஒரு வரி இல்லை. இரப்பர்த் தோட்டங்களை உருவாக்கிய தமிழனுக்கு ஓர் எழுத்தும் இல்லை. ஒல்லாந்தர் தீவுகளிலேனும் முதலில் ஒல்லாந்த மொழியில் அடித்தவன் பின்னர் 'ரூப்பியா' என்று மாற்றினான். மலையாவில் அதுவும் இல்லை. இன்று சிங்கப்பூர்ப் பணத்தாளில் 'சிங்கப்பூர்' எனத் தமிழில் இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த வாழைமரத் தாள் நினைவுக்கு வரும்.

தமிழ் இல்லையே தவிர, தமிழன் இருக்கிறான். போரின் கடைசிக் காலத்தில் வந்த நூறு வெள்ளித் தாளில் இரப்பர்த் தோட்டமும் அதில் வேலை செய்வோரும் வரையப்பட்டுள்ளனர். அவர்கள் எவ்வினத்தவர் என்று தாள் கூறாது. அக்காலத் தோட்டங்களில் பால் வெட்டியோரில் பெரும்பகுதியினர் எவர் என்பதை நான் உங்கட்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆளின் உருவம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவன் மொழி விடப்பட்டது.

அவ்வாளுக்கு என்ன ஆயிற்று? 1942இல் சயாமிலிருந்து பருமாவுக்கு 415 கிலோமீட்டர் தொலைவுக்குத் தொடர்வண்டிப் பாதை போடத் தொடங்கினர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லித் தோட்டத்துத் தமிழரை அழைத்தனர். போதாதபோது வளைத்துப் பிடித்து வண்டியேற்றினர். மலையாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது வரலாற்றார் கணக்கு. அவருள் மிகப் பலர் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வாந்திபேதியும் குளிர்க்காய்ச்சலும் பட்டினியும் அடியும் தின்றது போக மீண்டவர் குறைவு. வெள்ளைப் படையினரான சிறையாளிகளுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவர் காட்டில் புதைந்தனர். பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினம் எழுதியிராவிடில், இங்குள்ளோர் பலருக்கு இச்செய்தியே எட்டியிராது.

உயிரோடு திரும்பியவன் கையில் இருந்த கூலி இத்தாள்தான். 1945 செப்டம்பரில் மீண்டும் வந்த பிரித்தானியர் இது செல்லாது என்று அறிவித்தனர். ஒரே நாளில் மூட்டை மூட்டையாகப் பணம் குப்பையாயிற்று. போர்க்காலத்தில் கொடுத்த, வாங்கிய கடன்களுக்கு மதிப்புக் கணக்கிட 1948இல் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவனுக்கு அதில் ஒரு வழி இருந்தது. கூலிக்காரனுக்கு என்ன வழி? 1967இல் சப்பான், மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி ஈடாகத் தர ஒப்பியது. அஃது அரசுக்கும் அரசுக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல். ஆங்காங்கு மக்கள் தம்மிடமிருந்த சப்பானியப் போர்ப்பணத்துக்கு ஈடு கேட்டுத் தோக்கியோ வழக்குமன்றம் வரை சென்றனர். 1999இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. 'கேட்டவுடன் கொடுப்போம்' என்ற உறுதிமொழி, கேட்டவரிடத்தில் இவ்வாறு முடிந்தது.

இம்முட்டுக்காட்டிலேயே, தட்சிணசித்திராவில், செட்டிநாட்டு வணிகர் வீடொன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுவியுள்ளனர். (தென்னாட்டு வீடுகளைக் காக்கும் இடத்தின் பெயரில் தமிழ் இல்லாதது தனிக்குறை, இன்று அதனை விடுவோம்.) அத்தகைய வீடுகளின் தூண்களைப் பார்க்கும்போது பருமாத் தேக்கை எண்ணுகிறோம். பருமாவிலிருந்து நடந்தே ஓடிவந்தோரையும் சேர்த்து எண்ணுங்கள். பின்தங்கியோர் கையில் சப்பானியர் அடித்த உருவாத் தாள்கள் திணிக்கப்பட்டன. அவையும் இங்கு இரண்டு உள்ளன.

திரட்டும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இத்தாள்கள் மிகுதியாக அடிக்கப்பட்டவை. ஆதலால் விலை குறைவு. வரிசையெண் உள்ளவை சற்று அரியவை. விலையை எண்ணி வாங்குவோர்க்கு இதில் பெரும் ஊதியம் இல்லை. ஆனால் மலையாவிலிருந்து மீண்ட குடும்பத்தார் எவரேனும் பெட்டியடியில் இருந்த தாளை உங்களிடம் தந்தால், தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். யார் கொணர்ந்தது, எத்தோட்டம், எந்த ஆண்டு கப்பலேறினார், எவரை அங்கே விட்டு வந்தார் என்று கேட்டு, ஒரு தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். பணத்தாளின்மேல் எழுதவேண்டா, பசை ஒட்டவேண்டா, ஞெகிழி உறையில் வைத்துச் சூடேற்றி ஒட்டும் வேலையும் வேண்டவே வேண்டா. அவ்வாறு ஒட்டிய தாளைப் பின்னர் எவராலும் பிரிக்கவியலாது. கதையோடு கூடிய பத்து வெள்ளித் தாள், கதையில்லாத ஆயிரம் வெள்ளித் தாளினும் எனக்கு மேலானது.

ஒன்பது தாள்கள் இம்மேசைமேல் விரிக்கப்பட்டுள்ளன. வாழைமரம் இடப்புறம், இரப்பர்த் தோட்டம் வலக்கோடியில். வரிசையாக வந்து பாருங்கள். கழிமுகக் காற்று ஈரமாக வீசுகிறது. ஆகவே கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் மலையாவிலோ பருமாவிலோ இருந்திருப்பின், கதவருகே இருக்கும் குறிப்பேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.