எண்ணெய்க் கிணற்றின் ஆயுளும் பயனும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எண்ணெய்க் கிணறு பற்றிப் பேச வந்த யாம் தண்ணீர்க் கிணற்றிலிருந்து தொடங்க விரும்புகிறோம். திருவனந்தபுரத்தில் வாழும் நாம் அன்றாடம் காண்பது வீட்டு முற்றத்துக் கிணறு. மழைக்காலம் வருமுன் இவ்வூரார் அதனை இறைத்துத் தூர்வாருகின்றனர். கைப்பிடிச் சுவரைச் செப்பனிடுகின்றனர். ஊற்றுக் குறைந்தது என்று கண்டவுடன் எவரும் வேறிடத்தில் புதுக்கிணறு தோண்டப் புறப்படுவதில்லை. உள்ளதைப் பேணுவதே முதல் வேலை என்பதை அவர்கள் அறிவர். இவ்வுண்மை எண்ணெய்க் கிணற்றுக்கும் பொருந்துவதாகும்.

இதனை இங்கே பேசுவானேன் என்று கேட்கலாம். நம்முள் சிலர் காவிரிப் படுகையிலிருந்து இந்நகருக்கு வந்தவர்கள். அப்படுகையில், நாகைக்கு அருகிலுள்ள நரிமணத்தில், 1980களில் எண்ணெய் கிடைத்தது. அதனை நம்பி 1993இல் பனங்குடியில் ஒரு சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. குத்தாலம், திருமக்கோட்டை ஆகிய ஊர்களில் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் அமைந்தன. இஃது ஒருபுறம். மறுபுறம், 2017இல் கதிராமங்கலத்து வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்தது, உழவர் கொதித்தெழுந்தனர். 2020இல் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதை அது தடுத்தது. முன்னமே நடந்துவரும் பணிகளைத் தொடவில்லை. ஆகவே, இருக்கின்ற கிணறுகளை எவ்வாறு காப்பது, எவ்வளவு காலம் பயன்கொள்வது, எவ்வாறு மூடுவது என்பவையே இனி அங்கு எழும் கேள்விகள்.

நிலத்தின் அடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கியிருக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஈரமணலில் நீர் ஒட்டியிருப்பதுபோல், பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் ஒட்டிக் கிடக்கின்றது. அதனுடன் கலந்துள்ள வாயுவும், அடியில் நிற்கும் உப்புநீரும் அதனை அழுத்துகின்றன. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குவதுபோல், கிணறு திறந்தவுடன் எண்ணெய் தானே மேலெழும். நாளடைவில் அழுத்தம் தணியும், ஊற்றும் தளரும். உலக வயல்களின் பொதுநிலையை நோக்கினால், பாறையிலுள்ள எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மேலே வருகின்றது. எஞ்சியது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றது.

இங்கேதான் பொறுமைக்கும் பேராசைக்கும் போட்டி நிகழ்கின்றது. முதலாண்டிலேயே அள்ளிவிட வேண்டும் என்று வால்வை அகலத் திறந்தால், அடியிலுள்ள உப்புநீர் கூம்புபோல் மேலெழுந்து குழாயைப் பற்றிக்கொள்ளும். பின்னர் எண்ணெய்க்கு மாறாக நீரே பெருகி வரும். அளவறிந்து எடுத்த கிணறோ நெடுநாள் எண்ணெய் தரும்.

அழுத்தம் குறைந்தபின் செய்யத்தக்கவை பல. நம் முன்னோர் ஏற்றம் இறைத்தனர் அல்லரோ? அதனைப் போலவே தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் எண்ணெய் இறைக்கும் பம்புகள் உள்ளன. சில கிணறுகளில் வாயுவை உட்செலுத்தி, எண்ணெயின் பாரத்தைக் குறைத்து மேலேற்றுவர். குழாயில் மெழுகு படிந்து வழி குறுகினால், சுரண்டியோ சூடேற்றியோ அகற்றுவர். வேறு கிணறுகளின் வழியே பாறைக்குள் நீரைச் செலுத்தி, ஒட்டியுள்ள எண்ணெயைத் தள்ளுவதும் உண்டு. குஜராத்தில் மேசானாப் பகுதியிலுள்ள பலோல் வயலின் எண்ணெய் மிகக் கெட்டியானது. 1990களில் அங்கே பாறைக்குள் காற்றைச் செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதியை உள்ளேயே எரித்து, அவ்வெப்பத்தால் எஞ்சியதை இளக்கி எடுக்கும் முறை கையாளப்பட்டது.

பேணுதலின் பயனுக்குச் சான்றுகள் உள. அசாமின் திக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டனர். அவ்வயல் நூறாண்டு கடந்தும் சிறிதளவு எண்ணெய் தந்துகொண்டிருக்கின்றது. மும்பைக் கடலில் 1974இல் கண்ட பெருவயல் 1976 முதல் எண்ணெய் தருகின்றது. முதுமை எய்திய அதன் விளைவை உயர்த்த, ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 2025இல் பி.பி. என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் துணையை நாடியது. மூத்த வயலுக்கும் மருத்துவம் உண்டு என்பதே இதன் பொருள்.

ஆயினும் கணக்கையும் மறத்தலாகாது. கிணறு தோண்டும்போதே பெருஞ்செலவு முடிந்துவிடுகின்றது. நிலம் போயிற்று, பாதை போட்டாயிற்று, குழாய் இறங்கியாயிற்று. ஆகவே, பழைய கிணற்றைச் செப்பனிட்டு எடுக்கும் எண்ணெய் பெரும்பாலும் புதுக்கிணற்று எண்ணெயினும் மலிவு. புதிதாக ஒரு வயலும் அழிய வேண்டுவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் உடன்வரும் உப்புநீர் பெருகும்; அதனைக் கையாளும் செலவும் ஏறும். அச்செலவு எண்ணெயின் வரவை விஞ்சும் நாளே கிணற்றின் முடிவு நாள். உப்புநீர் இரும்புக் குழாயை அரிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள சிமெண்டுச் சுவரே குடிநீர் ஊற்றைக் காக்கும் வேலி. அவ்வேலியைச் சோதிக்காது கிணற்றின் ஆயுளை நீட்டுவது, நோயை மறைத்து நோயாளியை வேலைக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இறுதியாக ஒன்று. பணி முடிந்த கிணற்றை ஆழத்தில் பல இடங்களில் சிமெண்டால் அடைத்து, மேற்குழாயை வெட்டியெடுத்து, மண்ணை மீண்டும் உழவுக்கு ஏற்றதாக்கித் தரவேண்டும். அதற்குரிய பணத்தைக் கிணறு செழித்திருக்கும் காலத்திலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும். வறண்டபின் தேடினால் எவர் தருவர்?

ஒரு கிணற்றின் மதிப்பை முதல் நாள் ஊற்றைக் கொண்டு அளத்தல் தவறு. அது தந்த எண்ணெய் முழுவதையும் ஒரு தட்டிலும், அது தின்ற செலவையும் மண்ணுக்கு விட்டுச்சென்ற சுமையையும் மறு தட்டிலும் இட்டு நிறுத்தலே முறை. நம் பிள்ளைகளில் சிலர் நாளை பொறியாளராகி அக்கிணறுகளின் பக்கத்தில் நிற்கக்கூடும். அழுத்தமானியைப் பார்க்கும் அவர்கள் கண் அருகிலுள்ள நாற்றங்காலையும் பார்க்குமாறு வளர்ப்பது நம் கடமை. அவ்வளவே எம் வேண்டுகோள்.