சைக்கிளை விட்டு இறங்கிய கதை



பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு, உண்மைக் கதையை எப்படி எழுதுவது என்று பேசச் சொன்னார்கள். நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு பாட்டியைப் பேட்டி எடுத்தேன். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர், பால்மரம் சீவியே பிள்ளைகளை ஆளாக்கியவர். சிறு வயதில் பார்த்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னார். நான் ‘அடக்குமுறை’ என்று நான்கு இடத்தில் எழுதினேன். ‘கண்ணீர் மல்கக் கூறினார்’ என்று முடித்தேன். ஞாயிறு பதிப்பில் வந்ததும் பத்திரிகையோடு போய்ப் பெருமையாக நின்றேன். பேத்தி வாசிக்க, பாட்டி கடைசிவரை கேட்டார்.

“தம்பி, நான் எங்கய்யா அழுதேன்? உனக்குத் தேத்தண்ணியில்ல கலக்கிக்கிட்டு இருந்தேன்.”

உண்மைதான். டின் பாலில் இரண்டு கரண்டி ஊற்றி, மூன்றாவது கரண்டியைப் பாதியில் நிறுத்தி, டின்னின் விளிம்பை விரலால் வழித்துக்கொண்டேதான் பேசினார். அதைப் பார்த்தும் நான் எழுதவில்லை. கண்ணீர் கைவசம் தயாராக இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன்.

வெட்கத்தோடு மறுபடி கேட்டேன்: “அப்போ அந்த அடக்குமுறைக்கு நடுவுல உங்க அப்பா என்னதான் செய்வாரு?” தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோ அலுவலகக் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவாராம். மழைச் சேறாக இருந்தாலும் தள்ளிக்கொண்டே போய், அவர்கள் கடந்த பிறகுதான் ஏறுவாராம். இதைச் சொல்லும்போதும் பாட்டி அழவில்லை.

கேட்டுவிட்டு நேரே எழுதப் போகவில்லை. அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது. வயதானவர்களின் ஞாபகம் பொய் சொல்லாது, ஆனால் இரண்டு வருடங்களை ஒன்றாகக் கட்டிவிடும். பழைய பதிவுகளையும் வரலாற்று நூல்களையும் தேடினேன். 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர். எழுதுகிறவர்கள் எழுதுவதோடு நிற்கவில்லை என்பதைப் பத்திரிகைத் துறைக்குப் போகிறவர்கள் கவனிக்கலாம்.

தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். எங்கள் பெண்கள்மேல் கை வைப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு வரி: வெள்ளைக்காரருக்கும் தோட்ட அலுவலருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

பாட்டியின் அப்பா அங்கே இருந்தார்.

நான்கு முறை எழுதிய ‘அடக்குமுறை’ அந்தச் சைக்கிளுக்கு முன்னால் நிற்கவில்லை. கூலிக் கோரிக்கையைக் கணக்கர்கூட எழுதிவிடலாம். சைக்கிள் வரியை எழுத, சேற்றில் ஒரு முறையாவது இறங்கியிருக்க வேண்டும். அல்லது இறங்கியவரிடம் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும். நமக்கு மிஞ்சியது இரண்டாவது வழி. அதற்கும் காலம் அதிகமில்லை. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேச’னே 2019-இல் நின்றுபோனது. லயங்கள் இருந்த இடத்தில் இன்று தாமான் எனும் குடியிருப்புகள். 1941 வேலைநிறுத்தத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

எழுத்து நடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். எது நடந்தது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் வாக்கியம் தானாகச் சிறுக்கும். தெரியாதபோதுதான் ‘சொல்லொணாத் துயர’த்தைத் தேடி அலைகிறோம். நான் இன்னும் சில சமயம் அலைகிறேன்.

1941-க்குத் திரும்புகிறேன். அந்த மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது.

இவ்வளவையும் சரிபார்த்துக்கொண்டு மூன்றாம் முறை பாட்டி வீட்டுக்குப் போனேன். கேட்க ஒரே கேள்விதான் மிச்சம்.

“ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் அப்பா சைக்கிள்ல ஏறியேதான் போனாரா பாட்டி?”

டின் பாலைத் திறந்துகொண்டே சொன்னார்: “எங்க போறது? சைக்கிளைத்தான் ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டுப் போயிட்டானே.”