சாவடியில் தங்கிய நாள்கள்



நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம் (லூக்கா 10: 25-37). குருவும் லேவியரும் விலகிப் போனது உடனே நினைவுக்கு வரும். சமாரியர் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியது நினைவுக்கு வரும். எங்கள் மறையுரைகளும் பெரும்பாலும் அந்தச் சாலையோரத்திலேயே முடிந்துவிடும். லூக்கா அங்கே முடிக்கவில்லை. அடிபட்டவரைச் சமாரியர் தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோகிறார். மறுநாள்தான் புறப்படுகிறார், அப்படியென்றால் அன்றிரவு அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போகும்போது சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். ஒரு தெனாரியம் அந்தக் காலத்து ஒரு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிவிட்டுப் போகிறார்.

இன்று அந்தச் சாவடியைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். குடியும் மனநோயும் ஒருசேரப் பிடித்தவர்களைத் தங்கவைத்து மருத்துவம் செய்யும் இல்லங்களைப் பற்றி. ஞாயிறு காலையில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கேட்க வேண்டியவர் உங்கள் வீட்டு உள்ளறையிலேயே படுத்திருக்கலாம். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

நாங்கள் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரும் அவர் மனைவியும் சொல்லச் சொன்ன பிறகே சொல்கிறோம். அவர் ஒரு கொத்தனார். நல்ல வேலைக்காரர். கூலியில் பாதி கடைக்குப் போய்விடும். அந்தத் தாய் மாலைதோறும் பங்கு இல்லத்து வாசலில் வந்து நிற்பார். ஒரு தவக்காலத்தில் நாங்கள் அவரைக் கோவிலுக்கு வரவழைத்தோம். பீடத்தின் முன் முழந்தாளிடச் செய்து, பாடுபட்ட சுரூபத்தைக் கையில் கொடுத்து, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினோம். அவரும் அழுதார், நாங்களும் மகிழ்ந்தோம். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் ஆபத்தாகிப்போனது.

இரண்டாம் நாள் கை நடுக்கம். அன்றிரவே வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பேய் பிடித்துவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். நாங்கள் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனோம். அந்தத் தெருவில் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் இருந்தார். எங்களை வாசலிலேயே நிறுத்தி, "சாமி, மந்திரிக்கிறது அப்புறம். குடியத் திடீர்னு நிறுத்தினா உடம்பு இப்படித்தான் பண்ணும். ஆளே போயிடுவார், முதல்ல வண்டிக்குச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. பல ஆண்டுகள் தினமும் குடித்த ஒருவர் மருத்துவர் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். இறையியல் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் படித்த எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அன்றுமுதல் எவரிடமும் நாங்கள் சத்தியம் வாங்குவதில்லை. முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம்.

கதை அத்தோடு முடியவில்லை. பிழைத்து எழுந்தபின் அவர் மெதுவாக ஒன்றைச் சொன்னார். காதில் குரல்கள் கேட்கின்றனவாம். குடிப்பழக்கம் முற்றுவதற்கு முன்பே, இருபது வயதிலிருந்தே கேட்கின்றனவாம். குடித்தால் அவை கொஞ்சம் அடங்கும், தூக்கம் வரும். வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். குடிகாரன் என்ற பெயர் அதைவிடப் பரவாயில்லை என்று எண்ணியிருக்கிறார். நம் ஊர்களில் இந்தக் கணக்கைப் போட்டிருப்பவர்கள் எத்தனை பேரோ!

பிறகு தொடங்கியது அலைச்சல். மனநோய்க்கென்று போன இடத்தில், "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார்கள். குடிநோய்க்கென்று போன இல்லத்தில், "மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவரை நாங்கள் சேர்ப்பதில்லை" என்றார்கள். இரண்டு வாசல்களுக்கும் நடுவே அந்தத் தாய் ஓராண்டுக்கும் மேல் நடந்தார். குருவும் லேவியரும் விலகிப் போனதற்கு அவரவரிடம் ஒரு விதிமுறை இருந்திருக்கும். இங்கேயும் இருந்தது. கடைசியில் மனநல மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் ஒரே கூரையின்கீழ் இருந்த ஓர் இல்லம் கிடைத்தது. அங்கே அவர் மூன்று மாதம் தங்கினார்.

எதற்காக அத்தனை நாள்? ஊசி போட்டு அனுப்பக்கூடாதா? பலரும் கேட்கும் கேள்வி இது. முதல் வாரம், பத்து நாள் உடலிலிருந்து குடியை இறக்குவதிலேயே போய்விடுகிறது. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்து வருகிறார்கள். வைட்டமின் பி1 சத்துக் குறைவால் மூளை கெடாதிருக்க அதற்கும் ஊசி உண்டு. அதன்பிறகே மருத்துவரால் நோயைச் சரியாகப் பார்க்க முடிகிறது. குடியே மனச்சோர்வை உண்டாக்கும், குடியே குரல்களைக் கேட்கவைக்கும். அப்படி வந்தவை குடி நின்ற சில வாரங்களில் பெரும்பாலும் தாமே விலகிவிடும். விலகாமல் நிற்பது தனி நோய். அதற்குத் தனி மருந்து வேண்டும். எது எதனால் வந்தது என்று முதல் நாளில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உடனிருந்து, குடிக்காத நிலையில் நாள்தோறும் பார்த்தால்தான் தெரியும். ஒன்றை மட்டும் குணமாக்கி அனுப்பினால், விட்டுவைத்த மற்றது அவரைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடும். கொத்தனாருக்குக் குரல்கள் நிற்கவில்லை. குரல்களுக்கு மாத்திரை தொடங்கிய பிறகே இரவில் குடியில்லாமல் தூங்கினார். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை.

அன்னையரே, உங்களிடம் ஒரு வார்த்தை. அந்தத் தாய் எங்களிடம் வேறொன்றையும் சொன்னார். சுவர் விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு பொடி வாங்கி, கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்திருக்கிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குடியை வெறுக்கவைக்க டைசல்ஃபிரம் என்ற மாத்திரை இருக்கிறது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உட்கொள்பவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் அதைக் கொடுக்க வேண்டும். மனநோய் உள்ளவருக்கு அது நோயைக் கூட்டவும் கூடும். பெயரே இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் புனித தோமா மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. அங்கே நோயாளிகளைப் பதிவுசெய்து சேர்க்கும் மேசையில் சகோதரி இக்னேஷியா என்றொரு கன்னியர் அமர்ந்திருந்தார். முன்பு இசை கற்பித்தவர். 1933-இல் மனமும் உடலும் முறிந்து படுத்தவர். மருத்துவர்கள் இசைப் பணியை விடச் சொன்னதால் இந்த மேசைக்கு வந்தவர். அந்நாளில் குடிநோயாளிகளை மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை. 1939 ஆகஸ்டில், தாமும் குடியிலிருந்து மீண்டவரான டாக்டர் பாப் ஸ்மித் ஒரு நோயாளியோடு வந்து கேட்டபோது, சகோதரி பதிவேட்டில் கடுமையான இரைப்பை அழற்சி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். பதிவேட்டில் இப்படி எழுதலாமா என்று நீதிநெறி இறையியல் பேராசிரியர்களிடம் கேட்காதீர்கள்! தனியறை கிடைக்காததால், மலர்களை அடுக்கி வைக்கும் சிற்றறையில் அந்த மனிதருக்குக் கட்டில் போட்டார்கள். பின்பு ஆயிரக்கணக்கானோர் அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்கள். வீடு திரும்புவோர் கையில் சகோதரி இயேசுவின் திருஇருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க நினைத்தால், குடிப்பதற்கு முன் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தாமே மனம் உடைந்து எழுந்தவர் என்பதால்தான் அந்த மேசையில் அவருக்கு மற்றவர் கண்ணுக்குத் தெரியாத காயம் தெரிந்தது என்று எண்ணுகிறோம். டாக்டர் பாபுடன் ஏ.ஏ. இயக்கத்தைத் தொடங்கிய பில் வில்சனும், குடியை விட்ட பிறகு பல ஆண்டுகள் கடும் மனச்சோர்வில் துன்புற்றவர். குடியை விட்டவருக்கு இனி மனநோய் மாத்திரை எதற்கு என்று நம் ஏ.ஏ. நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதே தவறு செபக் கூட்டங்களிலும் நடக்கிறது. விசுவாசம் இருந்தால் மாத்திரையைத் தூக்கி எறி என்று மேடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் திருச்சபை அப்படிச் சொல்வதில்லை. மறைக்கல்வி ஏட்டின் 1673-ஆம் எண்ணைப் பாருங்கள்: பேயோட்டுவதற்கு முன், அது நோயா என்று உறுதிசெய்ய வேண்டும், உளநோய் மருத்துவத்தின் பொறுப்பு என்று கற்பிக்கிறது. 1735-ஆம் எண், பழக்கமும் உளவியல் காரணங்களும் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. ஒப்புரவுத் தொட்டியில் அமரும் நாங்கள் மறக்கக்கூடாத எண் அது. சீனாவில் புனித மாற்கு ஜி தியான்ஸியாங் என்றொரு மருத்துவர் இருந்தார். வயிற்று நோய்க்கு அபின் உட்கொண்டு அதற்கு அடிமையானவர். மனந்திரும்பவில்லை என்று முப்பது ஆண்டுகள் அவருக்குப் பாவமன்னிப்பும் நற்கருணையும் மறுக்கப்பட்டன. அவர் கோவிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. 1900-இல் குடும்பத்தோடு மறைச்சாட்சியாக இறந்தார். 2000-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். மறுத்த குருவின் பெயர் எவருக்கும் நினைவில்லை.

இல்லங்களைத் தேடும்போது கண்ணைத் திறந்து தேடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். யாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நம் திருத்தல முற்றங்களிலும் மரத்தடியில் கட்டிவைக்கப்பட்டவர்களை நாம் பார்த்ததில்லையா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அச்சட்டத்துக்குள் வருகின்றன. எனவே சேர்க்குமுன் கேளுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? அரசுப் பதிவு இருக்கிறதா? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தொடரவிடுவார்களா? குடும்பத்தார் பார்க்கலாமா? நள்ளிரவில் வண்டியோடு ஆள் அனுப்பி அமுக்கித் தூக்கிப்போகிறோம் என்று பேரம் பேசும் இடத்துக்கு உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் உண்டு. இரண்டு தெனாரியம்கூட இல்லாதவர்களுக்கும் வாசல் இருக்கிறது.

கொத்தனார் மூன்று மாதம் கழித்து வீடு வந்தார். வந்த ஐந்தாம் மாதம் ஒரு திருமண வீட்டில் மறுபடி குடித்தார். நாங்கள் உட்பட எல்லாரும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டோம். மனைவி மட்டும் சொல்லவில்லை. மறுநாளே பேருந்து ஏற்றி இல்லத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவரை யாரும் திட்டவில்லையாம்; என்று, எங்கே, அதற்கு முன் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார்களாம். நான்கு நாள் விட்டுப்போயிருந்தது. ஊர்க்காரர் ஒருவர், இனி உனக்கு எதற்கு என்று சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருக்கிறார்.

திரும்பி வருவதாகச் சமாரியர் சொன்ன சொல் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மாதம் ஒருமுறை மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். போகவர ஒரு நாள் கூலி போகும். துணைக்கு ஆள் வேண்டும். அந்தப் பங்கின் அன்பியங்கள் முறைவைத்து அதை ஏற்றுக்கொண்டன. பேருந்துக் கட்டணமும் துணைக்கு ஒருவரும், அவ்வளவுதான். நாங்கள் மாற்றலாகி வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் அந்தத் தாய் தொலைபேசியில் பேசினார். அவர் வேலைக்குப் போகிறாராம், குரல் எப்போதாவது கேட்குமாம், கேட்டால் மனைவியிடம் சொல்லிவிடுவாராம். இந்த மாதம் கிழக்குத் தெரு அன்பியத்தின் முறையாம்.