லூதியானாவில் ஒரு வைசாகி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1999இல் வங்கி மாற்றலில் நான் லூதியானாவில் இருந்தேன். குரு கோவிந்த் சிங் 1699இல் ஆனந்த்பூரில் கால்சாவைத் தோற்றுவித்ததன் 300ஆவது ஆண்டு அது. வைசாகிக்கு ஊரே அமர்க்களப்பட்டது. எங்கள் வீட்டுக்கார அம்மா மட்டும் தனியாக இருந்தார். அவரை பீஜி என்போம். மூத்த மகன் கனடாவில், இளையவன் இங்கிலாந்தில். என்னை "புத்தர்" என்று கூப்பிடுவார். எனக்கென்ன அவ்வளவு ஞானமா என்று முதல் நாள் விழித்தேன். பஞ்சாபியில் அதற்கு மகனே என்று அர்த்தமாம்!

வைசாகியன்று காலை அவரை டெலிபோன் பூத்துக்கு அழைத்துப் போனேன். இங்கே எட்டரை மணி. வான்கூவரில் முந்தின நாள் இரவு எட்டு. மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு என்று, மகனுக்குத் தெரிந்த பிரசாதக் கணக்கையே திரும்பத் திரும்பச் சொன்னார். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு குருத்வாரா. லங்கரில் உட்கார்ந்து மத்தியானம் வரை ரொட்டி உருட்டினார். "வலிக்கலையா பீஜி?" என்றேன். "அங்கே எவளோ ஒரு தாய் உருட்டின ரொட்டியை என் பிள்ளை சாப்பிடுவான். இங்கே எவளோ பெத்த பிள்ளைக்கு நான் உருட்டறேன். கணக்கு சரியாப் போச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க புது வருஷமும் இப்பத்தானே? அம்மாவோட பேசினியா?" என்று கேட்டார்.

நான் பேசவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் போட்டதோடு சரி. அன்று இரவே ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா ஓடி வந்தது மூச்சு வாங்கியதில் தெரிந்தது. "சாப்பிட்டியாடா?" என்றுதான் முதலில் கேட்டாள். அடுத்த சித்திரைக்கு அவள் இல்லை. பீஜி கேட்டிராவிட்டால் அந்தக் குரலும் எனக்குக் கிடைத்திருக்காது.

இன்று என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பொங்கலன்று பொங்கும் பானையை செல்போனில் காட்டுகிறோம். முகம் பார்க்க முடிகிறது. இலை போட முடியவில்லை. உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதைதான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போக முடியாத வெளிமாநிலப் பிள்ளைகள் நம் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். உள்ளூரில் இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். முதல் இரண்டு பேர் என் வீட்டுக்கு. நம் பிள்ளைகளுக்கு எங்கோ யாரோ இலை போடுவார்கள்; பீஜியின் கணக்கு தப்பாது.