15 வயசான ரேஸ் பைக்கை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது

(கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதித் தொழிலாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல உங்களை உட்கார வச்சிருக்கேன். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

உள்ளே வரும்போது வெளியில நிக்கிற வண்டிகளைப் பார்த்தேன். ஒரு ஆர்.எக்ஸ். 100, ஒரு கரிஸ்மா, நாலஞ்சு பழைய பல்சர். எல்லாத்தையும் பளபளன்னு துடைச்சு வச்சிருக்கீங்க. இந்த மாவட்டத்துக்கு பைக் ஆசை புதுசு இல்லை. ஜி.என்.டி. ரோட்டுல சென்னைப் பக்கம் போனா வர்ற சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்துல பல வருஷம் மோட்டார் ரேஸ் நடந்திருக்கு. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் எல்லாம் அப்புறம் வந்ததுதான்.

எங்க அண்ணனும் அந்தக் கூட்டம்தான். 2009-ல் ஆர்15 வாங்கினார். போன 2024-ல் அதுக்கு 15 வருஷம் முடிஞ்சது. "15 வருஷம் ஆனா வண்டியைப் பிடுங்கி ஸ்க்ராப்புக்கு அனுப்பிடுவாங்க"ன்னு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகலை. அந்த வயசுத் தடை தில்லி தலைநகர்ப் பகுதிக்காக வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் சொந்த உபயோக பைக்கின் பதிவு 15 வருஷம் செல்லும். அதன் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இவ்வளவு ஸ்டீல் ஆலைகள் இருக்கிற ஊரில் ஸ்க்ராப் என்ற வார்த்தையைக் கேட்டாலே அண்ணனுக்கு உலை ஞாபகம் வந்திருக்கும் போல!

நாலு மாசம் காலாவதியான ஆர்.சி.யோட நைட் ஷிப்டுக்குப் போய் வந்திருக்கார். கம்பி ஏத்தின ட்ரெய்லர்கள் ஓடுற அதே ரோட்டுல. இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன்னு ஒரு தைரியம். ஆனா 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் என்ன சொன்னது தெரியுமா? தற்காலிகப் பதிவு முடிந்த பிறகு திருடுபோன ஒரு புது வண்டிக்கு, பாலிசி இருந்தும் இழப்பீடு இல்லை என்றது. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் வண்டியை ஓட்டினது பாலிசி விதியையே மீறினது என்பது காரணம். அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்புறம்தான் மனுஷன் அசைந்தார்.

ஆய்வுக்குப் போனோம். முதல் தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. எஞ்சின்ல குறை இல்லை. அது இன்னமும் ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆகும். மாட்டினது வேற இடத்துல. கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு வெளி சைலன்சர் போட்டிருந்தார். கண்ணாடி ரெண்டும் இல்லை. பின் மட்கார்டை அறுத்ததால நம்பர் பிளேட் வானத்தைப் பார்த்தது. எல்லாத்தையும்விட மோசம், ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்துல பொறிச்சிருக்கிற சேசிஸ் நம்பர் துருவுல பாதி மறைஞ்சிருந்தது. நம்ம ஊர் உப்புக் காத்தும் தூசும் சேர்ந்தா அப்படித்தான். அந்த நம்பர் படிக்க வராட்டி இது உங்க வண்டிதான்னு ஆய்வாளர் எப்படி நம்புவார்?

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கு. அதனால "சைலன்சர் ஒண்ணுதானே சார்"னு அங்கே பேசிப் பிரயோஜனம் இல்லை. கழட்டின ஒரிஜினல் பாகங்களைக் காயலான் கடையில் போடாம வீட்டுப் பரணில் வைங்க. பழைய மாடலுக்கு அது திரும்பக் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. அண்ணன் சைலன்சரைத் தேடி மூணு வாரம் அலைஞ்சார்.

இதுல நான் யோசிச்சது ஒண்ணு. சிங்கப்பூரில் மூணு வயசு தாண்டின பைக்கை வருஷா வருஷம் ஆய்வுக்குக் காட்டணும். பிரிட்டனிலும் அதே கணக்குதான். இலங்கையில் வருஷாந்திர லைசென்ஸ் எடுக்கவே புகைப் பரிசோதனை வேணும். நமக்கு சொந்த பைக்கை யாரும் 15 வருஷம் திரும்பிப் பார்க்கிறதில்லை. நடுவுல புகை சர்டிபிகேட் மட்டும்தான். 15 வருஷக் குறை மொத்தமும் ஒரே நாளில் ஆய்வாளர் முன்னாடி நிக்குது. அந்த 15 வருஷமும் அதே பிரேக், அதே டயரோட நாம ரோட்டுல இருந்தோம்ங்கிறதுதான் எனக்குப் பயமா இருந்தது. அதனால வருஷத்துக்கு ஒரு நாள், பிறந்த நாளோ ஆயுத பூஜையோ, நீங்களே வண்டியைச் சுத்தி வந்து பாருங்க.

டயரை முதல்ல பாருங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கிற ரேஸ் பைக்கில் பட்டன் தேயாது, ஆனா ரப்பர் கெட்டுப்போகும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2316-ன்னு இருந்தா 2016-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. அண்ணன் வண்டி முன் டயரில் பட்டன் முக்கால்வாசி இருந்தது. நகத்தால அழுத்தினா பக்கவாட்டில் வெடிப்பு. அதுல மழையில டிஸ்க் பிரேக் பிடிச்சா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. டிஸ்க் தகட்டுலயும் குறைந்தபட்ச தடிமன் பொறிச்சிருக்கும், மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்க. ஃபோர்க்கில் எண்ணெய் கசிவு, கோன் செட் ஆட்டம் இருந்தா அதையும் சேர்த்தே பார்த்துடலாம்.

ஆர்.எக்ஸ். 100 அண்ணன் கையைத் தூக்குறார். டூ ஸ்ட்ரோக் புகையில் தேறுமா, அதானே? தேறும்ணே. 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை அனுமதி. அதுக்குப் பின் வந்த டூ ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதம், 6,000. ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணி, கார்புரேட்டரை டியூன் பண்ணி, எஞ்சின் நல்லா சூடானப்புறம் போங்க. குளிர்ந்த எஞ்சினோட போய் ஃபெயில் ஆகிறவங்கதான் நிறைய. பி.எஸ்.-4-க்கு முந்தைய வண்டிக்குப் புகை சர்டிபிகேட் ஆறு மாசம்தான் செல்லும், மறந்துடாதீங்க.

விண்ணப்பம் படிவம் 25. ஆர்.சி. முடியறதுக்கு 60 நாள் முன்னாடியிலிருந்தே போடலாம். பரிவாகன் தளத்தில் செல்போனிலேயே முடியும். பைக்குக்கு மத்திய விதிப்படி புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2,000. பசுமை வரி தனி. தாமதமானா அதுக்கும் சேர்த்துக் கேட்பாங்க.

இப்பவே எம்-பரிவாகன் செயலியைத் திறந்து உங்க வண்டி நம்பரைப் போடுங்க. ஆர்.சி. எந்தத் தேதி வரைன்னு வரும். தேதி தாண்டியிருந்தா கூச்சப்படாம இங்கயே இருங்க, விண்ணப்பம் போட்டுட்டே போகலாம். அண்ணனோட ஆர்15 இப்ப 2029 வரைக்கும் ஓடும். சத்தம்தான் பத்தலைன்னு இன்னமும் புலம்பிக்கிட்டிருக்கார்.