உடைந்தது சின்னத் துண்டு. ஒதுக்குவது முழு மெஷினையா?

(தோட்டச் சேமிப்புக் குழுக்களின் அங்கத்தவர்கள் கூடிய இடத்தில் நாம் பேசியதை, வர முடியாதவர்களும் வாசித்துப் பயன்பெறும் பொருட்டு இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு நாம் இரும்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது என்னாங்க, சேமிப்புக் கூட்டத்துல இரும்புக் கதை?" என்று சிலர் யோசிக்கலாம். காரணம் இருக்குது.

நம்ம லயத்து இஸ்தோப்புகளை ஒரு சுற்றுப் பாருங்க. ஒரு வீட்டு மூலையில் மிதி தையல் மெஷின் துணி போர்த்திக் கிடக்கும். அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகையில் புல்லு நறுக்குகிற மெஷின் துருப்பிடித்து நிற்கும். தோட்டப் பாதைக்கு உதவின கைவண்டி சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருக்கும். ஏன் ஓடவில்லை என்று கேட்டால், "சின்ன சாமான் ஒண்ணு போச்சுங்க. கடையில கிடைக்கல்ல" என்று பதில் வரும்.

விரல் நீளத் துண்டுதான் போனது. ஆனால் அந்த மெஷின் நிற்கிற ஒவ்வொரு மாதமும் தைத்த கூலியோ பால் காசோ வீட்டுக்கு வராமல் போகிறது. கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்து கிலோ கணக்கில் நிறுத்து எடுத்துக்கொண்டு போவார். புது மெஷின் தவணைக் கடனில் வீட்டுக்குள் வரும். ஒரு துண்டுக்காக ஒரு குடும்பம் இரண்டு வருஷம் கடன் கட்டுவது நியாயமா?

இல்லாத துண்டைச் செய்விக்கலாம். அதுக்கு வழிகள் பல உண்டு. மலிவான வழியில் தொடங்கி, அது சரிவராவிட்டால் மட்டும் அடுத்ததுக்குப் போக வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இதுதான்.

1. முதலில், அது கடைச் சாமானா என்று பாருங்கள்

செய்விக்க ஓடுவதற்கு முன்னே துண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பாருங்க. பெயரிங்காக இருந்தால் ஓரத்தில் இலக்கம் வெட்டியிருக்கும். 6202 என்றால் உள்துளை 15 மில்லிமீட்டர். 6203 என்றால் 17. அதுக்கு மேலே கணக்கு லேசு. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும். 6204க்கு 20, 6205க்கு 25. எந்த நாட்டுக் கம்பனி செய்தாலும் இந்த இலக்கத்துக்கு ஒரே அளவுதான். "இந்த மெஷினுக்குப் பெயரிங் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால், மெஷின் பேரை விட்டுவிட்டு இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்க.

பெல்ட்டும் அப்படித்தான். ஏ வகை பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், பி வகைக்கு 17. வீட்டுத் தையல் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வகை ஊசிதான் போடுவார்கள். இவற்றையெல்லாம் செய்விப்பது வீண் செலவு.

போல்ட், நட் விஷயத்தில் மட்டும் கவனம் வேணும். பழைய மெஷின்கள் பல இங்கிலாந்தில் செய்தவை. அவற்றில் இருப்பது விட்வர்த் மரை. 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற பொறியியலாளர் முன்வைத்த அளவு அது. இப்போது கடையில் அதிகம் விற்பது மில்லிமீட்டர் மரை. அரை அங்குல விட்வர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அதே பருமனுள்ள அமெரிக்க வகையில் 13. ஒன்றில் மற்றதைப் போட்டால் இரண்டு மூன்று சுற்றுப் போகும், பிறகு கடிக்கும். ஸ்பானர் போட்டு இழுத்தால் இரண்டும் கெடும். தையல் மெஷின் திருகுகளோ தனிச் சாதி, சாதாரண போல்ட் கடையில் தேடிப் பிரயோசனமில்லை. பழைய மெஷின் கழற்றி விற்கிறவரிடம்தான் கேட்கணும்.

2. இரண்டாவது வழி: பழையதில் இருந்து எடுப்பது, ஒட்டுவது

டவுனில் பழைய இரும்புக் கடையை எட்டிப் பாருங்க. ஓடாத மெஷின் ஒன்றில் உங்களுக்கு வேண்டிய துண்டு நல்லா இருக்கலாம். வாகனச் சாமான் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை அதுக்குப் பேர் போன இடம்.

அடுத்தது ஒட்டு. சாதாரண இரும்பை வெல்டிங் பாஸ் லேசாக ஒட்டிவிடுவார். வார்ப்பிரும்பு அப்படியில்லை. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்து, அரம் போட்டால் கருப்புத் தூள் வந்தால் அது வார்ப்பிரும்பு. சாதாரண குச்சியால் வெல்டிங் வைத்தால் ஆறும்போது பக்கத்திலேயே வெடிக்கும். அதுக்குப் பித்தளை ஒட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்க, இல்லாவிட்டால் நிக்கல் குச்சி இருக்கா என்று கேளுங்க. தையல் மெஷின் கால் சட்டம் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். ஒட்டினால் இன்னும் பல வருஷம் நிற்கும்.

3. மூன்றாவது: கொல்லன் பட்டறை

கத்தி, முள்ளு, கொக்கி, கீல், கதவுத் தாழ்ப்பாள் போன்றவற்றுக்குக் கொல்லன் பட்டறையே போதும். கவ்வாத்துக் கத்தி மாதிரி கூர் நிற்க வேண்டிய சாமானுக்கு லொறி ஸ்பிரிங் பட்டை கொண்டு போங்க. அதில் கரிச்சத்து கூட, ஆகையால் துவைச்சல் ஏறும். வீடு கட்டுகிற கம்பியில் அடித்த கத்தி இரண்டு நாளில் மழுங்கும். துவைச்சல் வைத்த பிறகு மறுபடி கொஞ்சம் சூடு காட்டச் சொல்லுங்க. வைக்கோல் நிறம் வந்தால் கூர் நன்றாக நிற்கும். நீல நிறம் வரை விட்டால் வளைந்து கொடுக்கும், ஆனால் கூர் சீக்கிரம் போகும். இதை அறியாத கொல்லர் இல்லை. நாமும் தெரிந்து கேட்டால் அவர் கவனமாகச் செய்வார்.

4. நாலாவது: லேத் பட்டறை

உருண்டையான எதுவும் லேத்தில் பிடிக்கும். புஷ், பின், ஷாப்ட், ரோலர், வாஷர் எல்லாம் அப்படித்தான். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை மாதிரி டவுன்களில் இந்த வேலை நடக்குது.

லேத் பாஸ் இரும்புக்குக் கேட்பது கொஞ்சம், நேரத்துக்குக் கேட்பதுதான் அதிகம். இரும்பைப் பிடித்து, நேர் பார்த்து, கத்தி வைப்பதற்கே நல்ல நேரம் போகும். ஒரு புஷ்ஷுக்கும் அதே ஆயத்தம், ஆறு புஷ்ஷுக்கும் அதே ஆயத்தம். அதனால் ஆறாகச் செய்வித்தால் ஒன்றின் விலை நன்றாக இறங்கும்.

செலவு குறைய இன்னும் மூன்று யோசனை சொல்கிறோம். ஒன்று, எல்லா இடத்திலும் அச்சொட்டான அளவு கேட்காதீங்க. துளைக்குள் உட்காருகிற இடமும் ஷாப்ட் சுற்றுகிற இடமும் சரியாக இருந்தால் போதும், மற்ற இடம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. இரண்டு, ஷாப்ட்டின் ஒரு நுனி மட்டும் தேய்ந்திருந்தால் புது ஷாப்ட் வேண்டாம். தேய்ந்த இடத்தில் வெல்டிங் நிரப்பி அளவுக்குக் கடைந்து தரச் சொல்லலாம். மூன்று, மெதுவாகச் சுற்றுகிற, பாரம் குறைந்த இடத்துக்கு நைலோன் புஷ் போதுமா என்று கேளுங்க. கடைவது லேசு, எண்ணெயும் குறையவே கேட்கும். சூடு படுகிற இடத்துக்கு மட்டும் அது ஆகாது.

5. ஐந்தாவது: தகடு வெட்டும் வார்ப்பும்

தட்டையான துண்டென்றால் முதலில் தடித்த கார்ட்போர்ட்டில் வெட்டி மெஷினில் வைத்துப் பாருங்க. சரிவந்த பிறகு அதையே தகட்டில் வரைந்து வெட்டலாம். இப்போது கம்பியூட்டர் படத்தைப் பார்த்து லேசரில் தகடு வெட்டுகிற பட்டறைகளும் உண்டு. படத்தைப் போனில் அனுப்பி வேலை கொடுக்கலாம். நிறையத் துண்டு வேணும் என்றால் இது நல்ல வழி.

கோணல்மாணலான துண்டு பல வேணும் என்றால் வார்ப்பைப் பற்றி யோசிக்கலாம். கண்டிக்குக் கிட்ட பிலிமத்தலாவை பித்தளை வேலைக்குப் பேர் போன ஊர். உலோகம் ஆறும்போது சுருங்கும். பித்தளை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் சுருங்கும் என்பதால் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். ஒரே ஒரு துண்டுக்கு இந்த வழி கட்டாது.

படத்துக்கு மொழி தேவையில்லை

நம்ம ஆட்கள் பட்டறை வாசலில் தயங்கி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பாஸுக்குத் தமிழ் தெரியாது, நமக்குச் சிங்களம் குறைவு, அளவு சொல்லத் தெரியாது. கூச்சத்தோடு "இந்த மாதிரி ஒண்ணு" என்று கையைக் காட்டுகிறோம். துண்டும் பிழைக்கும், காசும் போகும். இதுக்கு மருந்து ஒரு தாளும் பென்சிலும்தான்.

துண்டைத் தாளில் வைத்து ஓரத்தைச் சுற்றி வரையுங்க. பக்கவாட்டுத் தோற்றத்தையும் வரையுங்க. ஒவ்வொரு அளவையும் மில்லிமீட்டரில் எழுதுங்க. தேய்ந்த இடத்தில் அளக்காமல் தேயாத இடத்தில் அளக்கணும். உடைந்த துண்டுகளை ஒட்டிவைத்து அளக்கணும். எங்கே இறுக்கமாக உட்காரணும், எங்கே தளர்வாகச் சுற்றணும் என்று குறியிடணும். குழுவுக்கு ஒரு கலிப்பர் வாங்கி வைத்தால் எல்லா வீட்டுக்கும் உதவும். பிளாஸ்டிக்கானாலும் பரவாயில்லை.

பட்டறைக்குப் போகும்போது உடைந்த துண்டை மட்டும் கொண்டு போகாதீங்க. அது எதில் பொருந்துகிறதோ அதையும் கொண்டு போங்க. பாஸ் அங்கேயே மாட்டிப் பார்ப்பார். வேலைக்கு முன்னே விலையையும் எடுக்கிற நாளையும் கேட்டு, அந்தப் படத்திலேயே எழுதிக்கொள்ளுங்க. முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

ஒருவர் போனால் நாலு பேர் மிஞ்சும்

டவுனுக்குப் போனால் பஸ் காசு மட்டுமா போகிறது? ஒரு நாள் பேரும் போகிறது. துண்டு எடுக்க மறுபடி போனால் இன்னொரு பேர். சில வேளை பாஸுக்குக் கொடுக்கிற கூலியைவிட இதுவே கூட. ஆகையால் லயத்தில் ஐந்து வீட்டு வேலையைச் சேர்த்து ஒருவர் கொண்டு போகட்டும். மற்றவர்கள் பஸ் காசைப் பங்கு போட்டு, அவருடைய பேருக்கும் ஈடு செய்யட்டும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். தோட்டத்து ஸ்டோரில் பிட்டர் இருக்கிறார், பட்டறை இருக்கிறது என்பதற்காக மறைவாக வேலை செய்விக்காதீங்க. அகப்பட்டால் அவருடைய வேலைக்கே ஆபத்து. குழுவாகச் சேர்ந்து துரையிடம் எழுத்தில் கேளுங்க. அனுமதி கிடைத்தால் தலை நிமிர்ந்து செய்விக்கலாம்.

செய்விக்கக் கூடாத சாமான்கள்

காசு மிச்சம் என்று உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. கேஸ் அடுப்பு ரெகுலேட்டர், பிரஷர் குக்கர் வால்வு, வாகன பிரேக் சாமான், புல்லு வெட்டுகிற மோட்டார் மெஷினின் தகடு ஆகியவற்றைப் பட்டறையில் செய்விக்காதீங்க. அந்தத் தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றுவது. உடைந்து பறந்தால் பக்கத்தில் நிற்கிறவர் காலை எடுத்துவிடும். பெற்றோல் இருந்த டின், மருந்து இருந்த டேங்க் இவற்றில் வெல்டிங் வைக்க விடாதீங்க. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும். நாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் வருகிற வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க.

கடைசியாக ஒரு வார்த்தை

பெற்றோர்களே, பத்தாம் வகுப்போடு நின்று வீட்டில் இருக்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்க. லேத், வெல்டிங், பிட்டர் வேலைகளுக்கு அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடநெறிகள் உண்டு. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் பெறலாம். பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்றதுதான். லேத்துக்கு வேண்டியது நிதானமான கண்ணும் கையும். கொழுந்து எடுக்கிற விரலுக்கு அந்த நிதானம் புதிதில்லை. நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒன்று டவுனில் பட்டறை வைத்தால், நாம் வாசலில் தயங்கி நிற்க வேண்டிய நாளும் முடியும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் சும்மா கிடக்கிற மெஷினைத் திறந்து, எந்தத் துண்டு போனது என்று பாருங்க. அதை வரைந்து, அளவு எழுதி, அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. இரும்புக்காரர் வருவதற்கு முன்னே கொண்டு வாங்க.