மறுத்தவர் யாருமில்லை, மறுப்பு மட்டும் இருந்தது

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாகுபாடு என்றால் யாரோ ஒருவர் முகத்துக்கு நேரே "உள்ளே வராதே" என்று சொல்வது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். அப்படி யாருமே சொல்லாமல் ஒரு கலைஞருக்கு வழியை அடைக்க முடியும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1956 நவம்பர் 5 அன்று என்பிசி தொலைக்காட்சியில் 'நாட் கிங் கோல் ஷோ' தொடங்கியது. முதலில் வாரம் 15 நிமிடம். 1957 கோடையில் அரை மணி நேரமானது. பாட்டு, விருந்தினர்கள், கொஞ்சம் கலகலப்பான பேச்சு, அவ்வளவுதான். நடத்தியவர் கறுப்பினப் பாடகர். அவருடைய இசைத்தட்டுகளை வெள்ளையர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள். விமர்சகர்களும் நிகழ்ச்சியைப் பாராட்டினார்கள்.

ஆனால், அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் விளம்பரதாரர் பணத்தில் நடந்தவை. கோலுக்கு நாடு தழுவிய நிலையான விளம்பரதாரர் கடைசிவரை கிடைக்கவில்லை. ரைங்கோல்டு பீர் போன்ற வட்டார விளம்பரதாரர்கள் சிலர் வந்தார்கள். மிச்சச் செலவை என்பிசி சுமந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே, வெள்ளையினப் பாடகி பெகி லீ போன்ற பெரிய கலைஞர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வந்து பாடிக்கொடுத்தார்கள்.

விளம்பரதாரர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். 'எங்களுக்கு வெறுப்பில்லை; தென் மாநில வெள்ளையர்கள் எங்கள் பொருளை வாங்காமல் விட்டுவிடுவார்கள்' என்பதே அதன் சாரம். மறுப்பு தன்னுடையது அல்ல, அடுத்தவருடையது!

இனவெறியும் சாதியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாடகை வீடு தேடி அலைந்த தோழர்களுக்கு இந்தப் பதிலின் குரல் பழக்கமானது. "எனக்கு ஒண்ணுமில்லைங்க, அக்கம்பக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க."

கோல் மேடையில் அரசியல் பேசியவர் அல்ல. 1956 ஏப்ரலில், அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், வெள்ளையர்கள் மட்டும் அமர்ந்திருந்த நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருந்தபோது நிறவெறியர்கள் மேடையேறி அவரைத் தாக்கினார்கள். நிறம் பிரித்த அரங்குகளில் பாடுகிறாரே என்று கறுப்பினத்தவரும் அவரைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். யாரையும் உறுத்தாத பாட்டு, நேர்த்தியான கோட், மென்மையான பேச்சு என்று எல்லாம் இருந்தும் விளம்பரக் கதவு திறக்கவில்லை. 'நீங்கள் பக்குவமாக நடந்துகொண்டால் ஏற்றுக்கொள்வார்கள்' என்று நமக்கு அறிவுரை சொல்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1957 டிசம்பர் 17 அன்று கடைசி ஒளிபரப்பு. விலகுவது என்று கோலே முடிவெடுத்தார். 1958 பிப்ரவரியில் 'எபனி' இதழில் காரணத்தை வெளிப்படையாக எழுதினார். பழியை என்பிசியின் மீது அல்ல, விளம்பர நிறுவனங்களின் மீது வைத்தார். அந்த நிறுவனங்கள் குவிந்திருந்த நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்பது அவருடைய புகழ்பெற்ற கிண்டல்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் காரணத்தை எழுதிவைத்ததுதான். எழுதாமல் விட்டிருந்தால், 'ஓடாத நிகழ்ச்சி, நின்றுபோனது' என்று வரலாறு முடித்திருக்கும். நம்மிடமும் நின்றுபோன இதழ்கள், திரைக்கு வராத படங்கள், பாதியில் கைவிடப்பட்ட நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அவை ஏன் நின்றன, யார் பணம் தர மறுத்தார்கள், என்ன சாக்கு சொன்னார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பாராட்டியவர்களின் பட்டியல் தானாகவே நிலைத்துவிடும். மறுத்தவர்களின் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.